இரண்டு குழுவிலும் பிரஷர் இறங்கிவிட்டது

ஆராய்ச்சிக்குப் போகப்போகிறேன் என்று ஒரு டாக்டர் வாய்திறந்து சொன்னால் போதும், கல்கத்தாவில் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர் தமிழரசிக்கு ஒரே வாரத்தில் பதினேழு பேர் சொன்னார்கள். நல்ல வழிகாட்டியாகப் பார்த்துப் பிடி என்றார் ஒரு பேராசிரியர். வழிகாட்டி எப்படியும் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பார், நல்ல தலைப்பாகப் பிடி என்றார் பக்கத்து அறைப் பேராசிரியர். சின்னக் கேள்வியாக எடு என்றார் ஒருவர். சின்னக் கேள்வியை யார் அச்சிடுவார்கள், பெரிதாக எடு என்றார் மற்றவர். நோயாளி பார்ப்பதை விட்டுவிடாதே, கை மறந்துபோகும். நோயாளி பார்ப்பதை அடியோடு விடு, இல்லாவிட்டால் ஒரு பக்கம்கூட எழுத மாட்டாய். விடுதித் தோழி ஒருத்தி மட்டும் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்: "பைத்தியமா உனக்கு?"

வீட்டிலும் சும்மா இல்லை. அப்பா பிரேம்குமார் ஹவுரா பக்கத்து ரயில்வே பணிமனையில் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர். ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதில் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். உலகத்தில் எதையும் பெட்டியாக மாற்றித்தான் அவரால் யோசிக்க முடியும்.

"எங்க ஷாப்புல ஒரு கோச்சை ஆராய்ச்சிக்குன்னு ஓரமா நிறுத்தினா, அது திரும்ப லைனுக்கு வந்ததா சரித்திரமே கிடையாதும்மா," என்றார்.

அம்மா வசந்தியின் கவலை வேறு. "டாக்டர்னா குவார்ட்டர்ஸ்ல நாலு பேரு பிரஷர் பாக்க வருவாங்க. ஆராய்ச்சின்னா என்னத்தக் கேட்டுட்டு வருவாங்க?"

"வர மாட்டாங்கம்மா. நான்தான் அவங்களக் கேட்டுட்டுப் போவேன்."

"அதுக்குப் பேரு சென்சஸ்டி."

தமிழரசிக்கு முப்பத்தோரு வயது. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவள். குடும்பத்தில் முதல் டாக்டர். பைபாஸ் சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை அவளுக்கு நிரந்தர வேலை கொடுக்கத் தயாராக இருந்தது. கதவில் பெயர்ப் பலகை, தனி அறை, வீட்டு வாசலுக்கே கார். அவள் ஒரு வருஷம் அவகாசம் கேட்டாள். அந்தப் பெரிய மருத்துவமனை, ஆச்சரியம்தான், சரி என்றது. ஆனால் பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

ஆராய்ச்சி ஆசைக்கு ஒரே ஒரு காரணம்தான். படிக்கும் காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தபோது, பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்து வருகிறவர்களை வாரத்துக்கு ஐந்தாறு பேராவது பார்ப்பாள். அநேகமாக எல்லாருடைய சட்டைப் பையிலும் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். கசங்காமல், பிளாஸ்டிக் உறை போட்டு, சுவாமி படம் மாதிரிப் பத்திரமாக இருக்கும். மாத்திரை மட்டும் வயிற்றுக்குள் போயிருக்காது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "மறந்துட்டேன்," என்பார்கள். இல்லாவிட்டால், "நல்லாத்தானே இருந்தேன்," என்பார்கள். இவர்களுக்கு யாராவது வாரம் ஒரு முறை போன் செய்து நினைவுபடுத்தினால் என்ன ஆகும்? அதுதான் அவள் கேள்வி. பதினேழு பேரில் ஐந்து பேர் சின்னது என்றும் நான்கு பேர் பெரியது என்றும் சொன்ன கேள்வி.

ஓர் ஆய்வு நிறுவனம் அவளுக்கு ஒரு வருஷப் பதவி கொடுத்தது. பெஹாலாவில் ஒரு மாநகராட்சி மருந்தகத்தில் வேலை. நூற்று நாற்பது பிரஷர் நோயாளிகளைச் சேர்த்தாள். ஒவ்வொருவரும் ஒரு மூடிய உறையை எடுக்க வேண்டும். உள்ளே 'போன்' என்று இருந்தால், சுகாதார ஊழியர் ஷெஃபாலி வாரம் ஒரு முறை அவரைக் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டீர்களா, உப்பைக் குறைத்தீர்களா என்று விசாரிப்பாள். 'வழக்கம்' என்று இருந்தால் போன் கிடையாது, மாதம் ஒரு முறை வந்து பிரஷர் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம். குழுவுக்குப் பாதி, எழுபது எழுபது. ஆறு மாதம் கழித்து இரண்டு குழுவையும் ஒப்பிட வேண்டும். போன் குழுவில் பிரஷர் அதிகம் இறங்கியிருந்தால் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி.

காலையில் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, ஹவுரா படித்துறையில் லாஞ்ச் ஏறி, பாபுகாட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து பெஹாலா போவாள். மருந்தக வாசலில் இறங்கும்போதே, "டாக்டர்-மா வந்தாச்சு," என்று யாராவது குரல் கொடுப்பார்கள். தமிழரசி என்ற பெயரை பெஹாலாவில் யாரும் முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை. ஒருவரைப் பார்த்து அனுப்ப இருபது நிமிஷம் ஆகும். மூட்டு வலி, மருமகள் விவகாரம், மீன் விலை எல்லாம் கேட்டு முடித்துத்தான் பிரஷர் பட்டையைச் சுற்றுவாள். கடைசியில் ஒவ்வொரு அட்டையின் கீழேயும் தன் சொந்த போன் நம்பரை எழுதி, "ஏதாவதுன்னா கூப்பிடுங்க," என்று கொடுப்பாள். ஆறு வருஷமாக அவள் எல்லா நோயாளிக்கும் செய்கிற காரியம் அது. கை தானாக எழுதும். கூப்பிடவும் செய்தார்கள். சாயங்கால லாஞ்ச் அக்கரை சேர்வதற்குள் இரண்டு பேருக்காவது பதில் சொல்லிவிடுவாள். கால் வீங்குகிறதே என்பார் ஒருவர். அந்த மாத்திரை கடையில் இல்லையே என்பார் இன்னொருவர். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எல்லாருக்கும் பொறுமையாகச் சொல்வாள்.

ஆறு மாதம் முடிந்தது. பிப்ரவரி இரண்டாவது வாரம் எண்களை எடுத்துக்கொண்டு அஷ்வத்திடம் போனாள்.

அஷ்வத் அந்த நிறுவனத்தின் புள்ளியியல்காரன். அவள் வயதுதான். கல்கத்தாவிலேயே, டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த தமிழன். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், இரண்டையும்விட எண்கள் நன்றாக வரும். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான், மறுபடி தட்டினான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ரெண்டு குரூப்புக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே," என்றான்.

"ஒண்ணுமேன்னா?"

"போன் குரூப்ல சராசரி பதினாலு பாயிண்ட் இறங்கியிருக்கு. போன் இல்லாத குரூப்ல பதிமூணு. ரெண்டு பக்கமும் பிரஷர் நல்லா இறங்கிருச்சு. நல்ல டாக்டர் நீங்க. ஸ்டடிதான் செத்துப்போச்சு."

"விளையாடாதீங்க."

"நான் எண்ணோட விளையாட மாட்டேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னை வந்து பாத்திருக்கலாம்ல?"

"உங்க ரூம் மூணாவது மாடி. அப்போ லிஃப்ட் ரிப்பேர்."

"லிஃப்ட் ரிப்பேரால செத்த ஸ்டடி இந்த பில்டிங்ல நெறைய இருக்கு," என்றான் அஷ்வத், வருத்தத்தோடுதான்.

கமிட்டி கூடுவது பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை. மேற்கொண்டு மூன்று வருஷம் ஆராய்ச்சியில் இருக்கலாமா கூடாதா என்பதை அன்றைக்குத்தான் சொல்வார்கள். மறுநாள் சனிக்கிழமை, மருத்துவமனைக்குப் பதில் சொல்லும் கடைசி நாள். கையில் ஒரு முடிவும் இல்லாமல் கமிட்டி முன்னால் போய் நின்றால், ஒரு வருஷம் வீண், நீ நோயாளி பார்க்கப் போ என்று அனுப்பிவிடுவார்கள். கெட்ட வேலை ஒன்றும் இல்லை அது. ஆனால் வேண்டும் என்று போவதும் வேறு வழியில்லாமல் போவதும் ஒன்றா?

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அடை சுட்டுக்கொண்டிருந்தபோது, தமிழரசி கூடத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தாள். வெறும் எண்கள்தான், ஆனால் அவளுக்கு அவை முகங்கள். வழக்கக் குழுவில் பிரஷர் மளமளவென்று இறங்கியிருந்த பெயர்களைப் பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. இவர்களெல்லாம் தனக்கு போன் செய்தவர்கள். போனை எடுத்துப் பழைய அழைப்புகளோடு ஒத்துப் பார்த்தாள். பத்தொன்பது பேர். யாரும் போன் பண்ணக் கூடாத குழுவுக்கு லாஞ்சில் உட்கார்ந்து ஆறு மாதமாக போன் வைத்தியம் பார்த்தது வேறு யாரும் இல்லை, அவள்தான்.

தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கை இறங்கி வந்து, பத்தொன்பது பேரையும் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தது. ஒரே ஒரு சொடுக்கு. இரண்டு குழுவுக்கும் இடையில் ஆறு பாயிண்ட் வித்தியாசம் வந்து நின்றது. அழகான வித்தியாசம். போன் செய்தால் பிரஷர் இறங்குகிறது. அச்சில் போடலாம், கமிட்டியில் காட்டலாம். நீக்கியதற்குக் கௌரவமான காரணம்கூட இருந்தது: ஆய்வு விதி மீறப்பட்டவர்கள். பொய்யே இல்லை.

இரண்டு அடை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

"என்னடி, மூஞ்சி தெளிஞ்சிருக்கு?" என்றாள் வசந்தி.

"கணக்கு வந்துருச்சும்மா."

"வராம எங்க போவும்? இன்னும் ஒண்ணு போடவா?"

டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஷெஃபாலி கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயது, பெஹாலாவின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. இருவரும் ஒருவரை ஒருவர் ஊர் வழக்கப்படி 'தி', அதாவது அக்கா, என்பார்கள். ஒரு வதந்தியைச் சரிபார்க்கத்தான் போன்.

"டாக்டர்-தி, ஆபீஸ்ல ஒரு பேச்சு அடிபடுது. உங்க ஆராய்ச்சி ஜெயிச்சா எல்லா ஊழியரும் வாராவாரம் போன் பண்ணணுமாம். ஆளுக்கு ஐநூறு பேராம். எங்க காது என்னத்துக்கு ஆகும்?"

"இன்னும் எதுவும் முடிவாகல ஷெஃபாலி-தி."

"பண்ணச் சொன்னா பண்ணுவேன், அதுக்கில்ல. நெஜமாவே நான் போன் பண்ணதாலதான் எறங்கிச்சா? ஐநூறு பேருக்குத் தொண்டை வத்தக் கத்தறவளுக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும்."

தமிழரசி டீயைக் கீழே வைத்தாள். "தெரியல," என்றாள்.

தெரியாதுதான். பத்தொன்பது பேரை நீக்கியதும் வித்தியாசம் வந்தது, ஏனென்றால் நீக்கப்பட்டவர்கள் எல்லாம் குணமானவர்கள். நன்றாக ஓடுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பந்தயம் வைத்தால் மீதிப் பேர் மெதுவாகத்தான் ஓடுவார்கள். விதி மீறல் என்றால் மீறியது அவள், தண்டனை மட்டும் அந்தப் பத்தொன்பது பேருக்கு. இதை நம்பி நாளைக்கு ஷெஃபாலி ஐநூறு பேரைக் கூப்பிடப்போகிறாள். அதோடு இன்னொன்றும் உறுத்தியது. பத்தொன்பது பேர் சரி, மீதி ஐம்பத்தொரு பேரிலும் பாதிப் பேருக்கு மேல் இறங்கியிருக்கிறதே, அது யார் வேலை?

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியவள் மருந்தகத்துக்குப் போகாமல் நேரே நிமாய் ஹால்தாரைத் தேடிப் போனாள். ஹால்தார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தோரு வயது. வழக்கக் குழு. நூற்று எழுபதாக இருந்த பிரஷர் நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கியவர். காலை எட்டரைக்கு மேல் அவரைத் தேட வேண்டியதில்லை, தெருக் கிளப்பில் கேரம் பலகைக்கு முன்னால் இருப்பார். கூடப் பத்துப் பேர் இருப்பார்கள், மண் கோப்பையில் டீ இருக்கும், ஒரு செய்தித்தாளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

"வா மா, உக்காரு," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் ஹால்தார். அவளுக்கு அவர் காக்கு, சித்தப்பா முறை.

"காக்கு, ஒரு விஷயம் கேக்கணும். உங்களுக்கு ஷெஃபாலி-தி போன் பண்ணறதில்ல. அது ஏன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? உறையில விழல. ஷீலுக்கு விழுந்துச்சு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதரைக் கட்டைவிரலால் காட்டினார். "ரேஷன் கடை வரிசையிலகூட இவனுக்கு மொதல்ல நிக்கத் தெரியாது. இவனுக்குப் போய் விழுந்துச்சு."

ஷீல்-பாபு அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? அவன் போன் எங்க போன் இல்லையா? ஸ்பீக்கர்ல போடுடான்னு சொன்னேன். புதன்கிழமையானா ஷெஃபாலி கூப்பிடுவா. பதினோரு பேரும் கேப்போம். உப்பைக் கொறைங்கம்பா, சரிம்போம். மாத்திரை சாப்ட்டீங்களாம்பா, இவன் முழிப்பான். இவனுக்காக நாங்க பதில் சொல்லுவோம்."

"பதினோரு பேருமா?"

"வாரத்துக்கு ஒரு நாள் பத்தாதுன்னு நான்தான் தினம் ஆக்கினேன். மணி என்ன? ஒம்பதா?"

கழுத்திலிருந்து விசிலை எடுத்து ஊதினார். கேரம் நின்றது. செய்தித்தாள்கள் மடிந்தன. பதினோரு சட்டைப் பைகளிலிருந்து பதினோரு மாத்திரைப் பட்டைகள் வெளியே வந்தன. ஒருவர் தண்ணீர் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டார். "நாக்கைக் காட்டு ஷீல்," என்றார் ஹால்தார். ஷீல்-பாபு காட்டினார். ஆட்டம் மறுபடி ஆரம்பமானது.

தமிழரசி மனதுக்குள் எண்ணினாள். பதினோரு பேரில் நான்கு பேர் போன் குழு, ஏழு பேர் வழக்கம். இந்தக் கிளப்பில் இப்படி என்றால் அடுத்த சந்து கிளப்பில்? அங்கேயும் ஒரு கேரம் பலகை இருக்கும், ஸ்பீக்கர் வைத்த ஒரு போன் இருக்கும். உறை போட்டு ஆளை ஆளாகப் பிரித்தாள் அவள். ஆனால் பெஹாலாவில் எதுவும் ஆள் ஆளாக இல்லை. எல்லாம் பாடா பாடாகத்தான் இருக்கிறது. நாலு தெரு சேர்ந்தால் ஒரு பாடா. அதற்குள் நடப்பது எதுவும் ஒருத்தரோடு நிற்காது, ஜலதோஷமாக இருந்தாலும் சரி, ஆலோசனையாக இருந்தாலும் சரி.

"காக்கு, நீங்க என் ஆராய்ச்சியக் கெடுத்துட்டீங்க."

ஹால்தார் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். "என் பிரஷர் எத்தன?"

"நூத்தி இருபத்தெட்டு."

"ஷீலுக்கு?"

"நூத்தி முப்பது."

"அப்போ நான் எதைக் கெடுத்தேன்?"

 அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஹால்தார் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தன் அட்டையை எடுத்து, ஷீலின் அட்டையையும் வாங்கி, இரண்டையும் கேரம் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் கீழேயும் அவள் கையெழுத்தில் அவள் நம்பர்.

"நீயே ரெண்டு பேருக்கும் ஒண்ணா எழுதிக் கொடுத்திருக்க. நாங்க மட்டும் எப்படி மா வித்தியாசமா இருக்கறது?"

அன்று சாயங்காலம் தமிழரசி மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் வேலை செய்தது, ஆனால் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"ஆளை ஆளாப் பிரிச்சது தப்பு. பாடாவைப் பாடாவாப் பிரிக்கணும். ஒரு பாடா முழுக்க போன், இன்னொரு பாடா முழுக்க வழக்கம். போனை யார் ஸ்பீக்கர்ல போட்டாலும் அந்தப் பாடாவுக்குள்ளதான் கேக்கும். நடுவுல ஒரு பாடாவை விட்டுட்டு எடுக்கணும்."

அஷ்வத் கண்ணாடியைக் கழற்றினான். இந்தத் தடவை துடைக்கவில்லை. "இது செய்யலாம். இருபத்திநாலு பாடா வேணும். ஆனா ஒரு பாடா எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கு ஒரு ரூல் குடுங்க. வார்டு மேப் உதவாது, அது எலெக்‌ஷனுக்குப் போட்ட கோடு. கமிட்டி மொதல்ல இதைத்தான் கேக்கும்."

"கமிட்டிக்கு மூணு நாள் இருக்கு."

"மூணு நாள்ல கல்கத்தாவோட எல்லைய யாரும் கண்டுபிடிச்சதில்ல," என்றான் அஷ்வத்.

வெள்ளிக்கிழமை. நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், பேராசிரியர் மைத்ரேயி ஸான்யால். பருத்திப் புடவை, மேஜை மேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார். பத்து நிமிஷம் என்று அர்த்தம்.  தமிழரசியின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு, அந்த நேரத்தில் யாராவது பட்டையைச் சுற்றியிருந்தால் அவளையும் ஆய்வில் சேர்த்திருக்கலாம்.

முதல் அட்டவணையைத் திரையில் காட்டினாள். "இரண்டு குழுவிலும் பிரஷர் இறங்கிவிட்டது. போனால் பலன் உண்டா என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை இல்லை. இல்லாமல் போனதற்கு இரண்டு காரணம். ஒன்று நான்." தன் போன் நம்பர் கதையைச் சொன்னாள். ஹால்தாரின் விசில் கதையைச் சொன்னாள். பிறகு இரண்டாவது அட்டவணையைக் காட்டினாள். "பத்தொன்பது பேரை நீக்கினால் இப்படி வரும். பார்க்க நன்றாக இருக்கிறது. தவறு. யாரை நீக்குவது என்று முடிவு செய்தபோது அவர்கள் குணமாகிவிட்டது எனக்குத் தெரியும்."

இடது பக்கம் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த இரண்டாவதை மட்டும் கொண்டுவந்திருந்தால் நாங்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். தெரியுமா?"

"தெரியும் சார். அரை மணி நேரம் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்."

ஸான்யாலின் வாயோரம் அசைந்தது. மேற்கொண்டு என்ன திட்டம் என்று கேட்டார். பாடா பாடாகப் பிரிப்பதைச் சொன்னாள். அஷ்வத் சொன்னபடியே கேள்வி வந்தது.

"பாடாவுக்கு எல்லை? நான் ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் பாடா எங்கே முடிகிறது என்று எனக்கும் என் தம்பிக்கும் இன்னும் சண்டை."

மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த தெருப்பெயர்ப் பட்டியல் தமிழரசியின் கையில் இருந்தது. அது உதவாது என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. ஹவுராவில் வளர்ந்தவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன் மேடம். துர்கா பூஜை அஷ்டமி அன்றைக்கு எந்தப் பந்தலில் அம்மனுக்குப் பூப் போட்டு அஞ்சலி செலுத்துவீர்கள்? அதுதான் அவர் பாடா."

மூன்றாவது உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "அஞ்சலி செலுத்தாதவர்கள்? எங்கள் வீட்டில் யாரும் செலுத்துவதில்லை."

"அப்படியானால் சார், பூஜை நான்கு நாளும் எந்தப் பந்தலின் மைக் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது?"

 மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது உறுப்பினருக்கு அது எந்தக் கிளப் போடும் பந்தல் என்று சொல்ல யோசனையே தேவைப்படவில்லை. போன வருஷம் அந்த மைக்கைப் பற்றி அவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். ஸான்யால் வீட்டில் கிழக்கு ஜன்னலுக்கு ஒரு கிளப், மேற்கு ஜன்னலுக்கு ஒரு கிளப். "அதனால்தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் அறை மேற்கில் இருக்கிறது," என்றார் ஏதோ புரிந்துபோனவர் மாதிரி. கைக்கடிகாரம் இருபத்திரண்டு நிமிஷம் காட்டியது. யாரும் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் அரை மணி உட்கார வைத்து, பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். மூன்று வருஷம் இல்லை, ஒரு வருஷம். இந்தத் தோற்ற ஆய்வை முதலில் முழுசாக எழுதி அச்சுக்கு அனுப்ப வேண்டும், விசில் உட்பட. அடுத்த ஆய்வின் முதல் பக்கத்திலிருந்தே புள்ளியியல்காரர் கூட இருக்க வேண்டும். நோயாளி பார்க்க வாரம் இரண்டு அரை நாள், ஆய்வில் இல்லாதவர்களை மட்டும். ஆய்வுக்கு நிறுவனத்தின் போன் ஒன்று தனியாக வரும்.

"எங்களிடம் வருகிற இளம் டாக்டர்களில் பாதிப் பேர், தோற்றால் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள்," என்றார் ஸான்யால், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே. "ஒரு வருஷத்தில் இன்னொரு தடவை தோற்றுக் காட்டு. பார்க்கலாம்."

சனிக்கிழமை காலை பிரேம்குமார் ஷேவ் செய்துகொண்டே விஷயம் கேட்டார். "ஒரு வருஷம்தானா? மூணு கேட்டியே."

"தோத்ததுக்கு ஒண்ணே ஜாஸ்திப்பா."

"அப்போ ஆஸ்பத்திரி?"

"வேண்டாம்னு சொல்லப்போறேன்."

கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். மறு கன்னத்துக்கு நுரை தடவினார். "சரி. சொல்லும்போது மரியாதையா சொல்லு. ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க."

அவள் மரியாதையாகவே சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் காரணத்துக்கு ஒரு கட்டம் நிரப்ப வேண்டும் என்றாள். சம்பளமா, தூரமா, குடும்பச் சூழ்நிலையா?

"இது எதுவும் இல்லைங்க. ஒரு ஆராய்ச்சி சரியா வரல. மறுபடி பண்ணப்போறேன்."

"அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்," என்றாள் அந்தப் பெண் கவலையாக. கடைசியில் இருவரும் சேர்ந்து 'இதர' என்பதில் போட்டார்கள்.

திங்கட்கிழமை தமிழரசியும் ஷெஃபாலியும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பெஹாலாவில் எல்லை போடக் கிளம்பினார்கள். முதல் இரண்டு பாடா சுலபமாக முடிந்தது. மூன்றாவதில் ஒரு இனிப்புக் கடை. கடைக்காரர் முதலில் இந்தக் கிளப் என்றார். பந்தலுக்குத் தன் கடையில் சந்தேஷ் இனிப்பு வாங்குவது அந்தக் கிளப் என்றார் பிறகு. எதிர்க்கடைக்காரர் குறுக்கே வந்து, மைக்கின் கம்பம் யாருடைய சுவரில் கட்டியிருந்தது என்பதுதான் முக்கியம் என்றார். அவரோடு ஒரு ரிக்‌ஷாக்காரரும் குடை பிடித்த ஒரு மாமியும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், இரண்டு கட்சியாக.

கடைக்காரர் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தமிழரசி, "தாதா, கொஞ்சம் உக்காருங்க," என்று அண்ணன் முறை சொல்லி ஸ்டூலில் உட்கார வைத்துப் பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்தாள். கூட்டம் அமைதியானது. நூற்று அறுபத்தெட்டு. நாளைக்கே மருந்தகத்துக்கு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஷெஃபாலி பென்சிலோடு காத்திருந்தாள். "இவர எந்தப் பாடாவுல போடறது டாக்டர்-தி?"

"எதுலயும் வேண்டாம். ரெண்டு மைக்கும் கேக்குது. இவரு ஆராய்ச்சியில இல்ல, வெறும் நோயாளி."

"வெறும் நோயாளின்னா?" என்றார் கடைக்காரர் அடிபட்ட குரலில். "எதிர்க்கடைக்காரன் மட்டும் ஆராய்ச்சியில இருப்பான், நான் இருக்கக் கூடாதா?"